நடன வகுப்பை விடாமல் முதுகலை படிக்க: புலம்பெயர் நாட்டு ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் நெடுநாளாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்து வரும் ஆசிரியர்களிடம் பேசினால் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "எனக்கு மாஸ்டர்ஸ் படிக்கணும்னு ஆசை. ஆனா வகுப்பை விட முடியாதே." சனி, ஞாயிறு வகுப்பு. வார நாளில் இன்னொரு வேலை. நடுவில் கோயில் திருவிழா, பிள்ளைகளின் தேர்வு, கோடையில் அரங்கேற்றம். இதற்குள் பல்கலைக்கழகத்தை எங்கே நுழைப்பது என்று மலைத்துப் போகிறார்கள்.

முடியும். நானும் பகுதிநேரமாகப் படித்து முடித்தவள்தான். பிறகு சில ஆசிரியைகளுக்கு விண்ணப்பம் தயாரிக்க உதவியிருக்கிறேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இங்கிலாந்தை வைத்து எழுதப்பட்டது. கனடா, ஆஸ்திரேலியா, மலேசியாவில் இருப்பவர்களுக்குக் கட்டணமும் விதிகளும் மாறும். மற்றபடி வேலையின் போக்கு ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் பல்கலைக்கழகத்தைத் தேடிவிட்டு, அங்கே போய் என்ன ஆராயலாம் என்று யோசிக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். இத்தனை வருடம் வகுப்பு நடத்தியதில் உங்களுக்கென்று ஒரு கேள்வி உருவாகியிருக்கும். அதை வெளியே எடுத்து எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற இடத்தைத் தேடுங்கள். வேலை செய்கிற கலைஞருக்கு இருக்கும் பெரிய பலமே அந்தக் கேள்விதான். இளங்கலை முடித்த கையோடு வரும் இருபத்திரண்டு வயது மாணவரிடம் அது இருக்காது.

கேள்வியைக் கண்டுபிடிப்பது

"புலம்பெயர்ந்த தமிழர்களும் பரதநாட்டியமும்" என்பது தலைப்பு. கேள்வி அல்ல. அதை எழுதி அனுப்பினால் எந்தப் பேராசிரியரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "இதில் எதை?" என்றுதான் கேட்பார்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு மாதம், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் காரில் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதுங்கள். கருத்து எழுத வேண்டாம், நடந்ததை எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"பள்ளி ஜிம்னாசியம். தரையில் கூடைப்பந்துக் கோடுகள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்த நான் அந்த நீலக் கோட்டைத்தான் பயன்படுத்துகிறேன். தாளம் தட்டும் தட்டுமனை கொண்டுவர மறந்துவிட்டேன். போனில் இருந்த நட்டுவாங்கப் பதிவைப் போட்டேன். மூன்றாம் காலம் என்ற அதிவேகம் வந்ததும் பெரிய பிள்ளைகள் பதிவின் வேகத்துக்கு ஓடினார்கள், சின்னவர்கள் நின்றுவிட்டார்கள். பதம் எடுத்தபோது பாட்டு வரிகளை எல்லோரும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 'வருவானோ' என்ற சொல்லுக்கு ஒரு பிள்ளை சந்தேகமே இல்லாமல், நிச்சயமாக வருகிறான் என்பது போல முகம் காட்டியது. அந்த 'ஓ' அவளுக்குக் கேட்கவில்லை."

இந்த அரைப் பக்கத்தில் மூன்று ஆய்வேட்டுக்கான விதை இருக்கிறது. கையால் தட்டி ஆசிரியர் கொடுத்த தாளம் பதிவான தாளமாகும்போது வகுப்பில் யார் வேகத்தைத் தீர்மானிக்கிறார்கள்? தமிழைப் பேசாமல் கேட்டு மட்டும் வளர்ந்த பிள்ளை அபிநயத்தை எதிலிருந்து கட்டுகிறது? வாடகைக் கூடத்தின் தரையும் கோடுகளும் அடவின் (அடிப்படை ஆட்ட அசைவின்) பரப்பை எப்படி மாற்றுகின்றன? மூன்றாவது கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். கான்கிரீட் மேல் ஒட்டிய வினைல் தரையில் வருடக்கணக்கில் தட்டடவு போட்டவர்களின் முழங்கால் அதற்குப் பதில் சொல்லும்.

பரதத்தைத் தாண்டியும் பாருங்கள். தமிழர்கள் கொண்டுபோன ஆட்டங்கள் பல, அவற்றில் ஆராயப்படாதவை நிறைய. 1860 முதல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களோடு சென்ற தெருக்கூத்து, தென்னாப்பிரிக்காவில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்ற பெயரில் வாழ்ந்தது. ரீயூனியன் தீவில் அதே கூத்து 'பால் தமூல்' ஆனது. கரீபியத் தீவான குவாதலூப்பிலும் அதற்கு உறவான ஒரு கூத்து உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் காவடி எடுப்பவர்களும், கல்யாண மண்டபத்தில் சினிமாப் பாட்டுக்குக் குழுவாக ஆடும் பிள்ளைகளும் புலம்பெயர் நடனத்தின் பகுதிதான். எது 'கலை', எது 'வெறும் ஆட்டம்' என்று நாம் மனசுக்குள் போட்டிருக்கும் கோட்டையே கூட ஆராயலாம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு நோட்டைத் திறந்து, திரும்பத் திரும்ப வரும் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் கேள்வியாக எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் ஒரு இடம், ஒரு குழு, ஒரு காலம் இருக்க வேண்டும். "வட மேற்கு லண்டனில் 1990களில் அரங்கேற்றம் செய்த ஈழத்தமிழ்ப் பெண்கள், இன்று தங்கள் மகள்களுக்கு நடனம் கற்றுக்கொடுக்க முடிவெடுப்பது எப்படி?" இந்த அளவு போதும்.

எந்தப் படிப்பு

இங்கிலாந்தில் முழு முதுகலை என்பது 180 கிரெடிட். முழுநேரமானால் ஒரு வருடம், பகுதிநேரமானால் வழக்கமாக இரண்டு வருடம். 60 கிரெடிட்டில் நின்றால் முதுகலைச் சான்றிதழ், 120இல் நின்றால் முதுகலை டிப்ளமா. பல இடங்களில் இடையில் வெளியேறினாலும் அந்தந்தக் கட்டத்துக்கான பட்டயம் கையில் வரும். சேரும் முன் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப நிலைமை யாருக்கும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது.

ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. 180 கிரெடிட் என்றால் 1,800 மணி நேரம். இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் விடுமுறை வாரங்களையும் சேர்த்தே வாரத்துக்குச் சுமார் 17 மணி நேரம். இதில் வகுப்பில் உட்காருவது கொஞ்சம்தான். படிப்பதும் எழுதுவதும்தான் மிச்சம். இந்த எண்ணை உங்கள் வாரத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படிப்பு இரண்டு மூன்று வகைப்படும். நடன ஆய்வு, நடன மானிடவியல் என்ற பெயரில் வருபவை வரலாறும் களப்பணியும் எழுத்தும் சார்ந்தவை. நடன அமைப்பு, நிகழ்த்துகலை என்று வருபவை மேடைப் படைப்பையே ஆய்வாக ஏற்பவை. மூன்றாவது வகை, உங்கள் வேலையையே பாடமாக எடுத்துக்கொள்ளும் தொழில்சார் முதுகலை. வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இந்த மூன்றாவது வகை வசதியாகத் தோன்றும். அதில் கோட்பாட்டு வாசிப்பை நீங்களே தேடிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். என் கருத்தில் முதல் வகையில் சேர்ந்து, ஆய்வேட்டை மட்டும் செயல்முறை கலந்து செய்வது பரதநாட்டிய ஆசிரியர்களுக்கு அதிகம் கொடுக்கும். நாம் உடம்பால் ஏற்கெனவே நிறைய யோசித்தவர்கள். அதைச் சொல்லாக்கும் பழக்கம்தான் நமக்குக் குறைவு.

எங்கே

லண்டனில் ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகம் நடன ஆய்வுக்கு நீண்ட காலப் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் தெற்காசிய நடன ஆய்வுக்கென்றே அங்கு ஒரு எம்.ஏ இருந்தது, இன்று இல்லை. இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது, படிப்புகள் வரும், மூடப்படும். பழைய மாணவர் சொன்னதை வைத்து விண்ணப்பிக்காமல், அந்த வருடத்துப் பாடப்பட்டியலைப் பாருங்கள். கோவென்ட்ரியில் நடன ஆய்வுக்கென்று தனி மையம் உண்டு. மிடில்செக்ஸ் பல்கலைக்கழகம் வேலைசார் கற்றலுக்கு அறியப்பட்டது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் நடன இனவியலுக்கு எம்.ஏ இருக்கிறது.

நார்வே, பிரான்ஸ், ஹங்கேரி, பிரிட்டன் என நான்கு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2012இல் தொடங்கிய கோரியோமுன்டுஸ் என்ற இரண்டு வருட முதுகலை, நடன அறிவையும் மரபையும் பற்றிப் படிப்பதற்கு மிக நல்லது. நாடு விட்டு நாடு போய்ப் படிக்க வேண்டும் என்பதால் வகுப்பு நடத்துகிறவர்களுக்குப் பொருந்தாது. வகுப்பை ஒப்படைக்க நம்பிக்கையான சீடர் இருந்தால் யோசிக்கலாம்.

டொரன்டோ பக்கம் இருப்பவர்களுக்கு யார்க் பல்கலைக்கழகம். மிசிசாகாவில் 1990இல் சம்பிரதாய நடனக் குழுவைத் தொடங்கிய லதா பாதா அங்கே நடனத்தில் எம்.ஏ முடித்தவர். நிறுவனம் நடத்திக்கொண்டு படிக்க முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகம் நடன ஆய்வு முனைவர் பட்டத்துக்கு முன்னோடி. வர்ஜீனியாவின் ஹாலின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆண்டில் குறுகிய காலம் மட்டும் நேரில் போய்ப் படிக்கும் எம்.எஃப்.ஏ (நுண்கலை முதுகலை) உண்டு.

பல்கலைக்கழகப் பெயரைவிட முக்கியம் உங்களுக்கு வழிகாட்டப் போகிறவர். ஆசிரியர் பக்கங்களைத் திறந்து, யார் எதை எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரிட்டனின் தமிழ்க் கோயில்களையும் அங்கே நடக்கும் நடன வகுப்புகளையும் ஆன் டேவிட் ஆராய்ந்திருக்கிறார். பிரிட்டிஷ் நடனக் கலைஞர் அக்ரம் கானின் படைப்புகளை ராயோனா மித்ராவும், பிரிட்டிஷ் தெற்காசிய நடனக் கலைஞர்களின் உழைப்பையும் வருமானத்தையும் அனுஷா கேதரும் எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் போர்க்காலத்துப் பரதநாட்டியம் பற்றி அஹல்யா சத்குணரத்தினம் எழுதியிருக்கிறார். இவர்களில் யாருடைய எழுத்து உங்கள் கேள்வியோடு பேசுகிறதோ, அந்தத் திசையில் தேடுங்கள். பொருத்தமானவர் கிடைத்ததும் அவருக்கு அரைப் பக்க மின்னஞ்சல் போடுங்கள்: நீங்கள் யார், உங்கள் ஒரு வாக்கியக் கேள்வி என்ன, பகுதிநேரமாகப் படிக்க இடமுண்டா. அவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

காசும் விசாவும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

இங்கிலாந்தில் குடியிருப்பவர்களுக்கு அரசின் முதுகலைக் கடன் உண்டு. 2025-26 கல்வியாண்டில் தொடங்குவோருக்கு அதிகபட்சம் 12,858 பவுண்டு. பகுதிநேரப் படிப்புக்கும் கிடைக்கும். தொகை வருடங்களுக்குப் பிரித்து வரும். வருட வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் 6 சதவீதம் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்பு தொடங்கும்போது வயது 60க்குள் இருக்க வேண்டும். முழு முதுகலைக்கு மட்டும்தான் இந்தக் கடன். சான்றிதழுக்கோ டிப்ளமாவுக்கோ தனியாகச் சேர்ந்தால் கிடையாது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே முதுகலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடன் இல்லை. எந்த நாட்டில் படித்தது, எந்தத் துறை என்பதெல்லாம் பொருட்டே அல்ல. சென்னையில் எம்.சி.ஏ முடித்துவிட்டு வந்து இங்கே நடனம் சொல்லிக்கொடுப்பவர், நடனத்தில் எம்.ஏ படிக்கக் கடன் வாங்க முடியாது. அவர்கள் கல்விக் கட்டணத்தைத் தவணையில் கட்டும் வசதியையும், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைகளையும்தான் நம்ப வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு விதி இன்னும் கடினம். முழுநேர முதுகலை மாணவர் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் செய்யக் கூடாது; மேடைக் கலைஞராகவும் வேலை செய்யக் கூடாது. ஆகவே சனிக்கிழமை நாலு பிள்ளைகளை வைத்துச் சம்பளத்துக்கு வகுப்பு எடுப்பதும், கோயில் விழாவில் காசு வாங்கி ஆடுவதும் விசா விதியை மீறுவதுதான். பகுதிநேரப் படிப்புக்கு மாணவர் விசா வாங்கினால் வேலையே செய்ய முடியாது. 2024 ஜனவரி முதல் பாடவழி முதுகலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தையும் கூட்டிவர முடியாது. "எல்லாரும் பண்றாங்க" என்று சொல்பவர்களை நம்பி இறங்காதீர்கள். பல வருடக் கனவு ஒரு விசா மறுப்பில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள். அந்த ஆலோசனைக்குக் காசு இல்லை.

விண்ணப்பம்

இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களுக்கும் வாசல் இருக்கிறது. தொழில் அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அதற்கு ஆதாரம் கேட்பார்கள். வட இலங்கை சங்கீத சபையின் தேர்வுச் சான்றிதழ்கள், ஆசிரியர் தரம், கலாவித்தகர் பட்டம், லண்டன் தேர்வு வாரியங்களின் தரச் சான்றிதழ்கள் என்று பெட்டியில் மஞ்சளாகிக் கிடக்கும் தாள்களை எல்லாம் வெளியே எடுங்கள். அந்தச் சபை 1931 முதல் இயங்குகிறது, இத்தனை தரம், எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு என்று சான்றிதழுக்கு ஒரு பத்தி விளக்கம் சேருங்கள். அனுமதிக் குழுவில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

நோக்க அறிக்கையை "சிறு வயது முதலே நடனத்தின் மீது தீராத ஆர்வம்" என்று ஆரம்பிக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்து அரைப் பக்கத்தைச் சுருக்கி முதல் பத்தியாக வையுங்கள். அடுத்து கேள்வி. அப்புறம் ஏன் இந்தத் துறை, ஏன் இந்த ஆசிரியர். மேடையில் வாங்கிய விருதுகளுக்கு ஒரு வரி போதும்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் குருவிடம் மட்டும் போகாமல், உங்கள் வேலையை வெளியிலிருந்து பார்த்த ஒருவரையும் கேளுங்கள்: நீங்கள் பட்டறை நடத்திய பள்ளியின் தலைமை ஆசிரியர், கலை நிறுவன ஒருங்கிணைப்பாளர், உள்ளூர் நூலகப் பொறுப்பாளர்.

சேருவதற்கு முன் வாசிப்பு

இதுதான் நம்மை உலுக்கும் கட்டம்.

நம்மில் பலர் அரங்கேற்ற மலரில் "ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த பரதக்கலை" என்று எழுதி எழுதியே வளர்ந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் அந்த வாக்கியத்தை எழுதினால் பக்கவாட்டில் "ஆதாரம்?" என்று வரும். சதிர், சின்னமேளம் என்று அறியப்பட்ட ஆட்டம், அதை ஆடிய தேவதாசிக் குடும்பங்கள், அவர்களுக்கு நட்டுவாங்கம் செய்த குடும்பங்கள், 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஒழுங்கு செய்த கச்சேரி முறை, 1935இல் அடையாறில் ருக்மிணி தேவி மேடையேறியது, அடுத்த வருடம் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப் பள்ளி, 1947இல் சென்னை மாகாணத்தின் தேவதாசி ஒழிப்புச் சட்டம். இந்த வரிசையைத் திரும்பப் படிக்கும்போது, யாருடைய கையிலிருந்து யாருடைய கைக்கு இந்தக் கலை போனது என்ற கேள்வி வராமல் போகாது. நம் குருமார்கள் சொல்லாமல் விட்டவை அங்கே வரும். சிலருக்குக் கோபம் வரும், சிலருக்குக் குற்ற உணர்ச்சி. எனக்கு இரண்டும் வந்தது. குருவின் மீதிருந்த மரியாதை குறையவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் மீதும் மரியாதை கூடியது. படிப்பில் சேரும் முன்பே இந்த வரலாற்றைப் படித்துவிட்டால் முதல் பருவத்தில் தடுமாற்றம் குறையும். தேவதாசிக் குடும்பத்தில் வந்த பாலசரஸ்வதி சொன்னதையும் ருக்மிணி தேவி சொன்னதையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

பிரிட்டனில் தெற்காசிய நடனத்தின் வரலாறு நாம் நினைப்பதைவிட நீளமானது. 1838இலேயே கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகளின் குழு ஒன்று பாரிஸுக்கும் லண்டனுக்கும் கூட்டிவரப்பட்டு மேடையேறியது. 1923இல் உதயசங்கர் அன்னா பாவ்லோவாவுடன் கோவென்ட் கார்டனில் ஆடினார். 1939இல் நடனக் கலைஞர் ராம் கோபால் லண்டன் வந்தார். 1972இல் பாரதீய வித்யா பவனின் லண்டன் கிளை, 1979இல் தாரா ராஜ்குமார் தொடங்கிய 'அகாடமி' என்ற நடன அமைப்பு, 1988இல் ஷோபனா ஜெயசிங்கின் நடனக் குழு. 1983 ஜூலைக்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களின் சனிக்கிழமைப் பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் இந்த வரிசைக்கு இணையாக ஓடும் இன்னொரு வரலாறு. முதல் வரிசை பற்றி நூல்கள் உண்டு. இரண்டாவதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. உங்களுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

அதற்கான மூலங்கள் பல நேரம் நம் வீட்டிலேயே இருக்கும். அரங்கேற்ற மலர்களைத் தூக்கி எறியாதீர்கள். உருப்படிகளின் வரிசை, பக்கவாத்தியக்காரர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், பிரதம விருந்தினர் யார், வாழ்த்துச் செய்தி எந்த மொழியில், எந்த நகைக்கடை விளம்பரம் கொடுத்தது: ஒரு சமூகம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பது அத்தனையும் அதில் அச்சாகியிருக்கிறது. பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு மலரை எடுத்து ஒப்பிட்டாலே ஒரு கட்டுரை தேறும். ஈழத்து விழா மலர்கள், பழைய கலை இதழ்களுக்கு 'நூலகம்' என்ற ஈழத்து மின்னூலக இணையதளம் பெரிய புதையல், இலவசம்.

இன்னொன்று. தெற்காசிய நடனம் பற்றி மட்டும் படித்தால் போதாது. புலம்பெயர் நடனம் என்ற துறையின் பாதி சிந்தனை ஆப்பிரிக்க, கரீபிய அனுபவத்திலிருந்து வந்தது. கேத்தரின் டனம் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் மானிடவியல் மாணவியாக 1935-36இல் ஜமைக்கா, ஹெய்ட்டி போன்ற தீவுகளுக்குப் போய், சடங்கு ஆட்டங்களைப் பார்த்து, தானும் ஆடிக் கற்று, எழுதினார். பிறகு அதை மேடைக்கும் தன் பயிற்சி முறைக்கும் கொண்டுவந்தார். ஆடுகிறவரே ஆராயலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையே வழி காட்டுகிறது. ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த ஸ்டூவர்ட் ஹால், அடையாளம் என்பது முடிந்துபோன ஒன்றல்ல, ஆகிக்கொண்டே இருப்பது என்று வாதிட்டார். 'நம்ம பண்பாட்டைக் காப்பாத்தத்தான் பிள்ளையைச் சேர்த்தேன்' என்று பெற்றோர் சொல்லும்போது அதை வைத்து யோசித்துப் பாருங்கள்.

புத்தகம் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். பிரிட்டிஷ் நூலகத்தின் வாசகர் அட்டை இலவசம். சேர்ந்த பிறகு ஸ்கோனல் அக்சஸ் திட்டத்தின் மூலம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு பல்கலைக்கழக நூலகத்தையும் பயன்படுத்தலாம்.

வருடத்தை அமைப்பது

பல்கலைக்கழக வருடம் செப்டம்பர் கடைசியில் தொடங்கும். நமக்கு அதே நேரத்தில் நவராத்திரி, விஜயதசமிச் சேர்க்கை. முதல் கட்டுரை டிசம்பர், ஜனவரியில் கேட்பார்கள். அப்போது மார்கழி, பொங்கல் விழா ஒத்திகை. ஆய்வேடு பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில். அரங்கேற்றப் பருவமும் அதுவே. இந்த மோதல் எதிர்பாராமல் வருவதல்ல, காலண்டரிலேயே இருக்கிறது. ஆகவே ஆய்வேடு எழுதும் கோடையில் அரங்கேற்றம் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெற்றோரிடம் ஒன்றரை வருடம் முன்பே சொல்லிவிடுங்கள். மண்டபம் அப்போதே பதிவாகும் என்பதால் அவர்களுக்கும் அது நியாயமான அவகாசம்.

வகுப்பை மூடாமல் சுருக்கலாம். தொடக்க நிலைப் பிள்ளைகளை மூத்த மாணவியிடம் கொடுங்கள். அவளுக்கு முறையான சம்பளமும் கொடுங்கள்.

படிப்பதற்கு வாரத்தில் இரண்டு காலை வேளை என்று நிலையாக வைப்பது, தினமும் இரவு கொஞ்சம் என்பதைவிட நன்றாக வேலை செய்யும். உடம்பு அசந்த பிறகு கோட்பாடு தலையில் ஏறாது.

சொந்த மாணவர்களை ஆராயும்போது

வகுப்பு நடத்துகிறவரின் ஆய்வுக்களம் அவருடைய வகுப்பேதான். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். மனிதர்களைப் பேட்டி காணும் எந்த ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு முன்கூட்டியே அனுமதி தர வேண்டும். அனுமதிக்கு முன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்த முடியாது.

உங்கள் பதினான்கு வயது மாணவியிடம், "அக்கா ஒரு ஆராய்ச்சி பண்றேன், உன்னைப் பேட்டி எடுக்கலாமா?" என்று கேட்டால் அவள் மாட்டேன் என்பாளா? அடுத்த நிகழ்ச்சியில் முன்வரிசை கொடுப்பது நீங்கள். அவள் அம்மா கையெழுத்துப் போட்டுத் தந்தாலும் அதைச் சுதந்திரமான சம்மதம் என்று சொல்ல முடியாது. குழு இதைத்தான் கேட்கும், கேட்க வேண்டியதும் அதுதான். வழிகள் உண்டு. பதினெட்டு தாண்டி வகுப்பை விட்டுப்போன பழைய மாணவிகளைப் பேட்டி காணலாம். வேறு ஆசிரியரின் வகுப்பை, அவர் அனுமதியோடு கவனிக்கலாம். அல்லது மாணவர்களை விட்டுவிட்டு உங்கள் கற்பித்தலையே, உங்கள் குறிப்புகளை வைத்து ஆராயலாம். சிறுவர்கள் கட்டாயம் வேண்டும் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் தனித்தனியே வேண்டும்; எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதைத் தமிழிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. நம் சமூகம் சின்னது. "ஈஸ்ட் ஹாமில் 1992இல் வகுப்பு ஆரம்பித்த, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியை" என்று எழுதினால் படிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு யாரென்று தெரிந்துவிடும். இடத்தையும் வருடத்தையும் தளர்த்துங்கள், அல்லது அவரிடமே கேட்டு உண்மைப் பெயரில் எழுதுங்கள். மூத்த ஆசிரியைகள் பலர் தங்கள் உழைப்பு பெயரோடு பதிவாக வேண்டும் என்றுதான் விரும்புகிறார்கள்.

கோயிலில் கவனிக்கப் போனால் குருக்களின் வாய்மொழி அனுமதி போதாது. அறங்காவலர் குழுவிடம் கடிதம் வாங்குங்கள். முகநூலில் இருக்கும் அரங்கேற்றப் படங்களை எடுத்து ஆய்வேட்டில் ஒட்டவும் கூடாது.

ஆய்வேடு

செயல்முறை கலந்த ஆய்வேட்டுக்கு மேடைப் படைப்போடு எழுத்து விளக்கமும் சேரும். ஒரு நல்ல வர்ணத்தை ஆடிக்காட்டினால் அது நிகழ்ச்சி. அந்த வர்ணத்தின் ஒரு சரணத்தை, மொழி தெரியாத பார்வையாளருக்கும் தெரிந்தவருக்கும் இரண்டு விதமாக அமைத்து, ஒத்திகையில் எங்கே கை மாறியது, ஏன் மாற்றினீர்கள் என்று பதிவுசெய்தால் அது ஆய்வு. ஆகவே ஒத்திகைகளைத் தேதியோடு காணொளியாக எடுத்து வையுங்கள். முடிந்த வடிவத்தைவிட வழியில் கைவிட்ட வடிவங்களுக்குத்தான் அங்கே மதிப்பு.

பேட்டிகளைத் தமிழில் எடுங்கள். முதலில் தமிழிலேயே எழுதிக்கொண்டு, மேற்கோளுக்குத் தேவையான பகுதியை மட்டும் மொழிபெயருங்கள். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுத ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். ஆகவே ஆறேழு பேட்டிகளே ஒரு எம்.ஏவுக்குத் தாராளம். அரைமண்டி, ஜதி, நட்டுவாங்கம் போன்ற சொற்களை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பேட்டி கொடுத்தவர்களுக்கு ஆங்கிலப் பிரதியை மட்டும் அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். தமிழில் நாலைந்து பக்கச் சுருக்கம் எழுதி, வீட்டுக்குப் போய்க் கையில் கொடுங்கள். அவர்கள் சொன்னதில் எதைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று அப்போது சொல்வார்கள். அதையும் குறித்து வையுங்கள். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் புது நோட்டின் முதல் பக்கம் அதுதான்.